நூலகர் கற்கும் கருவிகள்

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரப் பொது நூலகம் தன் ஊழியர்களிடம் 23 வேலைகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தது. ஒரு வலைப்பூ தொடங்கு, ஒரு படத்தை இணையத்தில் ஏற்று, விக்கிப் பக்கம் ஒன்றில் கை வை, லைப்ரரிதிங் தளத்தில் உன் வீட்டுப் புத்தகங்கள் சிலவற்றைச் சேர் என்பதுபோன்ற சின்னச் சின்ன வேலைகள். முடிக்க ஒன்பது வாரம். வகுப்பு கிடையாது, ஆசிரியர் கிடையாது, தேர்வும் கிடையாது. முடித்தவருக்கு ஒரு எம்பி3 பிளேயர். திட்டத்தை வகுத்த ஹெலீன் பிளவர்ஸ் இதற்கு ‘லேர்னிங் 2.0’ என்று பெயரிட்டார். நூலக உலகம் ‘23 திங்ஸ்’ என்றே அழைத்தது. மேசையில் உட்கார்ந்து விசாரணைகளுக்குப் பதில் சொல்பவர் முதல் புத்தகம் அடுக்குபவர் வரை, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஒரே பட்டியல்.

பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியா, டென்மார்க் என்று நூற்றுக்கணக்கான நூலகங்கள் அதை எடுத்துக்கொண்டன. 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகங்கள்கூடத் தங்களுக்கென ஒன்றை நடத்தின. நூலக ஊழியர் இணையக் கருவிகளை எப்படிக் கற்கிறார் என்ற கேள்வியைப் பேச வேண்டுமானால் இந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஏனென்றால் இதன் வெற்றி தோல்வி இரண்டுமே இன்று கண்முன் இருக்கின்றன.

தோல்வியை முதலில் சொல்லிவிடலாம். அந்த 23இல் இருந்த கருவிகளில் பல இன்று இல்லை. செய்தியோடைகளைத் திரட்டித் தந்த புளாக்லைன்ஸ் மறைந்தது. தேடுபொறியை நாமே கட்டிக்கொள்ள உதவிய ரோல்யோ மறைந்தது. பக்கங்களைக் குறித்துவைக்கும் டெலிசியஸ் பல கை மாறி 2017இல் முடிந்தது. புளாக்லைன்ஸிலிருந்து கூகுள் ரீடருக்கு மாறியவர்களும் தப்பவில்லை. 2013 ஜூலையில் அதையும் மூடினார்கள். பட்டியலின் 18ஆவது வேலையில் இருந்த இணைய எழுதுகருவியோ இன்றும் நன்றாகவே ஓடுகிறது. அது ஜோஹோ ரைட்டர். அப்போது அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. சார்லட்டின் நூலக ஊழியர்கள் ஆவணம் எழுதிப் பழகியது நம்மூர்க் கருவியில் என்பது தமிழ்நாட்டு நூலக வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத செய்தி.

கருவி போன பிறகு என்ன மிஞ்சியது? மிஞ்சியது பழக்கம் என்பது என் கணிப்பு. தெரியாத திரை ஒன்றைத் திறந்து, அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்து, தப்பானால் திரும்பி வந்து, பக்கத்து மேசைக்காரரிடம் காட்டும் பழக்கம். சார்லட் செய்த பெரிய காரியம், விளையாடிப் பார்ப்பதையும் வேலையென்று நிர்வாகமே ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் நூலகங்களில் நடந்த பயிற்சிகளில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். ஒரு நாள் அழைப்பார்கள். ஒருவர் முன்னால் நின்று திரையில் காட்டுவார். சான்றிதழும் மதியச் சாப்பாடும் கிடைக்கும். ஊர் திரும்பி அடுத்த நாள் கணினி முன் உட்கார்ந்தால் முதல் திரையிலேயே கடவுச்சொல் மறந்திருக்கும்.

கற்கும் முறையைப் பற்றிய இந்த விவாதம் நமக்குப் புதிதும் அல்ல. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அவருக்கு நூலகத் தொழில் தெரியாது. அவர் கணித ஆசிரியர். பதவியேற்ற சில நாளிலேயே திரும்பப் பாடம் நடத்தவே போய்விடலாமா என்று யோசித்தவர். லண்டனுக்குப் போய் யுனிவர்சிட்டி கல்லூரியில் படித்ததோடு நிற்காமல், நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். கிராய்டன் பொது நூலகத்தில் பெர்விக் சேயர்ஸிடம் வேலையாகவே பழகினார். ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைச் சேர்த்துப் பிரிப்பதைப் பார்த்ததுதான் நூல்களை வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறைக்கான பொறி என்று அவரே சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்தபின் 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக மற்றவர்களுக்கும் பயிற்சி தொடங்கினார். இன்றைக்கு நூலகவியல் துறைகள் ஐந்து விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அந்த விதிகளை எழுதியவர் எப்படிக் கற்றார் என்பதையும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கலாம்.

அட்டையிலிருந்து கணினிக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ராம், பட்டியல் அட்டையில் உள்ளதைக் கணினி படிக்கும்படி எழுத ‘மார்க்’ என்ற வடிவத்தை உருவாக்கினார். இன்றும் உலக நூலகங்கள் பெரும்பாலும் அதில்தான் பேசிக்கொள்கின்றன. 1980களின் நடுவில் யுனெஸ்கோ இலவசமாகத் தந்த சிடிஎஸ்/ஐசிஸ் மென்பொருள்தான் இந்தியாவில் ஒரு தலைமுறை நூலகர்களுக்கு முதல் கணினிப் பாடம். அடுத்து வந்தது கோஹா. நியூசிலாந்தில் ஹொரொவெனுவா என்ற சிறு வட்டார நூலகத்தின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுத் தேதி மாற்றத்தைத் தாங்காது என்று தெரிந்தது. புதிதாக விலைகொடுத்து வாங்குவதற்குப் பதில் ஒன்றை எழுதச் செய்து, 2000 ஜனவரி 3 அன்று ஓடவிட்டு, பிறகு உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். நம் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று ஓடுவது அதுதான். தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா, இன்ஃப்லிப்நெட்டின் சோல் ஆகியவை மற்ற இரண்டு. மூன்றில் எதைக் கற்றாலும் மற்றவற்றுக்குத் தாவுவது கடினமில்லை.

கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்துக்குக் கோஹாவில் பதிவு போட அதிக நேரம் ஆகாது. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால், இசட்39.50 என்ற இணைப்பு வழியாக வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து பதிவு முழுசாக வந்து இறங்கிவிடும். தமிழ்ப் புத்தகத்துக்கு அவ்வளவு எளிதில் வராது, வந்தாலும் அப்படியே உதவாது. காங்கிரஸ் நூலகத்தின் பழைய தமிழ்ப் பதிவுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், தமக்கென ஒரு பெயர்ப்பு முறையில் இருக்கும். அந்த முறையில் ககரம் எங்கே வந்தாலும் ஆங்கிலக் ‘கே’. சகரம் எங்கே வந்தாலும் ‘சி’. அதனால் காந்தி என்ற பெயர் ‘ஜி’யில் தொடங்காது, ‘கே’யில் தொடங்கும். பொன்னியின் செல்வனைத் தேடுகிறவர் செல்வனுக்கு ஆங்கில ‘எஸ்’ போட்டால் ஒன்றும் வராது. ‘சி’ போட வேண்டும். இந்தச் சூட்சுமம் தெரிந்த நூலகர் அரை நிமிடத்தில் பதிவைப் பிடித்துவிடுவார். தெரியாதவர் “உலகத்திலேயே இந்தப் புத்தகத்துக்குப் பதிவு இல்லை” என்று முடிவுகட்டிவிடுவார்.

சரி, நாமே தட்டச்சு செய்யலாம் என்றால் அடுத்த சிக்கல் எழுத்துரு. யூனிகோடு வேரூன்றும் முன் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு எழுத்துருவிலோ குறியாக்கத்திலோ தட்டியது: பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஏற்றிய பட்டியல்களை இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். மாற்றித்தரும் நிரல்கள் இருக்கின்றன. ஆனால் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அடித்தது என்று சொல்ல, அன்று அடித்தவர் இன்னும் பணியில் இருக்க வேண்டும்.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர் ஔவையாரைத் தேடிப் பார்க்கட்டும். ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. ஆனால் விசைப்பலகையில் அது எங்கே இருக்கிறது என்று தேடச் சோம்பல்பட்டு, ‘ஒ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போடுவது பலர் வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். கணினிக்கு முன்னது ஔவையார், பின்னது ‘ஒளவையார்’ என்ற வேறு யாரோ. ஆத்திசூடிப் பதிப்புகள் ஐந்து இருந்தால் மூன்று ஒரு பெயரின் கீழும் இரண்டு இன்னொன்றின் கீழும் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘ஸ்ரீ’யும் இப்படித்தான். ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். ஸ்ரீரங்கம் தலபுராணம் அலமாரியில் இருக்க, கணினி “இல்லை” என்று சாதிக்கும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடிப்பது, ‘எ’வும் தமிழ் எண் ஏழும் இடம்மாறுவது என்று இந்தப் பட்டியல் நீளும். வாசகர் கணினியை நம்பி வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

அகர வரிசையும் தானாக வராது. யூனிகோடு எண்களின்படி மட்டும் அடுக்கினால் ‘ந’வை அடுத்து ‘ன’ வரும். ‘ர’வை அடுத்து ‘ற’ வரும். மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடும். இதற்குத் தீர்வு உண்டு. கோஹாவை நிறுவும்போது அதன் தேடல் பொறியான ஜீப்ராவை எந்த முறையில் இயக்குவது என்று ஒரு தேர்வு வரும். இயல்பாக இருக்கும் சிஎச்ஆர் முறை ஐரோப்பிய எழுத்துகளுக்கானது; தமிழுக்கு ஐசியு முறைக்கு மாற்ற வேண்டும். நிறுவித் தருகிறவர் நூலகம் தெரியாத கணினிக்காரராக இருந்தால் இயல்பாக இருப்பதை விட்டுவிட்டுப் போய்விடுவார். பிறகு தமிழ்த் தேடல் ஒழுங்காக வேலை செய்யாதபோது பழி மென்பொருள்மீது விழும். நூலக ஊழியர் நிரல் எழுதக் கற்க வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்வியை நிறுவுகிறவரிடம் கேட்கத் தெரிந்தால் போதும்.

பெயர்கள் இன்னொரு தனி உலகம். மேற்கில் செய்த படிவம் எதைத் திறந்தாலும் குடும்பப் பெயர் எது என்று கேட்கும். சொ. விருத்தாசலத்துக்குக் குடும்பப் பெயர் எது? ‘சொ’ அப்பாவின் பெயர். ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் 1978ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தென்னிந்தியப் பெயர்களுக்குத் தனி விதி உண்டு: ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் முன்னால் வந்தால் அவற்றைப் பின்னுக்குத் தள்ளி, இயற்பெயரில் பதிவு செய். விதி தெரிந்த நூலகர் படிவத்தைத் தன் வழிக்கு வளைப்பார். அதற்கு மேலும் ஒன்று உண்டு. விருத்தாசலம்தான் புதுமைப்பித்தன், ரங்கராஜன்தான் சுஜாதா, ரா. கிருஷ்ணமூர்த்திதான் கல்கி; ஆனால் கல்கி என்பது ஒரு பத்திரிகையின் பெயரும்கூட. இவற்றை ஒரு கயிற்றில் கட்டும் வேலைக்கு அதிகாரப் பெயர்ப் பதிவு என்று பெயர். விக்கித்தரவு போன்ற இணையக் கருவிகள் இதை இன்று எல்லாருக்கும் திறந்துவிட்டிருக்கின்றன. எந்தத் தமிழ் நூலகரும் உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் எழுத்தாளரின் புனைபெயர்களைச் சேர்த்துவைக்கலாம். உலகம் முழுக்க அது பயன்படும். இந்த வேலைக்கு வேண்டிய அறிவு முப்பது வருடம் அலமாரிகளுக்கு நடுவே நடந்தவரிடம்தான் இருக்கிறது. கணினி அறிவு குறைவு என்று நாம் ஓரங்கட்டும் மூத்த நூலகர் அவர்தான்.

ஈழத்து அனுபவம் இதை உறுதிசெய்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் மின்வருடி இணையத்தில் வைத்துவருகிறது. மின்வருடியை இயக்க ஒருவருக்குச் சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடலாம். அட்டை கிழிந்த ஓர் இதழைப் பார்த்து இது எந்த ஊர், எந்த ஆண்டு, யார் ஆசிரியர் என்று சொல்லும் ஆள்தான் அரிது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிமூலமும் எழுதப் படிக்கத் தெரிந்த தன்னார்வலர்களின் மெய்ப்பு பார்க்கும் பொறுமையில் வளர்ந்தவை. இவற்றைத் தம் வாசகருக்குக் காட்டத் தெரிந்திருப்பதே ஒரு கிளை நூலகருக்குப் பெரிய கருவி. கையில் நூறு தமிழ்ப் புத்தகம் இருக்கும் ஊர்ப்புற நூலகம் இந்தத் தளங்களோடு சேர்ந்தால் பல்லாயிரம் புத்தகம் உள்ள நூலகம்.

பட்டியலாக்கத்தைவிட அன்றாடத்தில் ஊழியரைப் பிழிவது வேறு. தமிழ்நாட்டுக் கிளை நூலகத்துக்கு வரும் இளைஞர்களில் பெரும்பங்கு போட்டித் தேர்வுக்காரர்கள். நாவல் கேட்பதைவிட அவர்கள் நூலகரிடம் கேட்பது அதிகம்: “அக்கா, டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு உள்ளே போகவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க.” புகைப்படத்தின் கேபி அளவு குறைக்க வேண்டும், ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகிறது, சாதிச் சான்றிதழைப் பிடிஎஃப் ஆக்க வேண்டும். நூலகவியல் பாடத்திட்டங்களில் இதற்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆனால் நூலகர் இதைச் செய்கிறார், செய்துகொண்டே கற்கிறார். ஒருவர் முடித்து எழுந்ததும் அவருடைய கணக்கிலிருந்து வெளியேறி, தரவிறக்கிய ஆதார் நகலை அழித்துவிட்டு அடுத்தவரை உட்காரவைப்பது இன்று நூலகத் தொழிலின் அடிப்படை ஒழுக்கம். இதை யாராவது அவரிடம் முறையாகச் சொல்லியிருக்கிறார்களா என்பது என் சந்தேகம்.

கவனக்குறைவின் விலை எவ்வளவு என்பதற்கு 2023 அக்டோபர் சாட்சி. அந்த ஒரே மாதத்தில் பிரிட்டிஷ் நூலகமும் டொரண்டோ பொது நூலகமும் பிணைப்பணம் கேட்கும் தாக்குதலுக்கு ஆளாயின. லண்டனில் இணையப் பட்டியல் மீண்டும் ஓரளவு தெரிய அடுத்த ஜனவரி ஆனது. நிறையத் தமிழ் வாசகர்கள் உள்ள டொரண்டோவில் கிளைகளைப் பூட்டவில்லை, புத்தகமும் கொடுத்தார்கள். திரும்பி வந்த புத்தகத்தைக் கணினியில் வரவு வைக்க முடியாததால் அலமாரியில் வைக்க முடியவில்லை. ஏறத்தாழ பத்து லட்சம் புத்தகங்களை லாரிப் பெட்டிகளில் ஏற்றி மாதக்கணக்கில் காக்கவைத்தார்கள். கணினி நின்ற நாளில் பேனாவும் காகிதமும் கொண்டு எப்படிச் சமாளிப்பது என்பதும் பயிற்சியில் சேர வேண்டிய பாடம்தான். நம் ஊர்களில் பழைய வருகைப் பதிவேடும் இருப்புப் பதிவேடும் இன்னும் புழக்கத்தில் இருப்பதைக் கேலி செய்பவர்கள் இதை யோசிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். நூலகருக்கு அதில் உடனடியாகத் தெரிய வேண்டியது ஒன்றே. சாட்ஜிபிடி போன்றவை இல்லாத நூலுக்கும் கட்டுரைக்கும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் வைத்துக் கூசாமல் எழுதித் தரும். மாணவர் அந்தத் துண்டுச்சீட்டோடு வந்து நின்று “சார், இந்தப் புத்தகம் எங்கே?” என்பார். அது எங்குமே இல்லை என்று உறுதியாகச் சொல்ல, எங்கெல்லாம் தேட வேண்டும் என்று தெரிந்தவர் வேண்டும். சென்னையின் கன்னிமாரா நூலகம் இந்தியாவின் வைப்பு நூலகங்களில் ஒன்று என்பதும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எதெதைக் காக்கின்றன என்பதும் தெரிந்த நூலகரை இந்தப் பொறிகள் ஏமாற்ற முடியாது.

1948இல் இந்தியாவிலேயே முன்னோடியாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 2010இல் கோட்டூர்புரத்திலும் 2023இல் மதுரையிலும் பெரிய நூலகங்களைக் கட்டியிருக்கிறோம். கட்டடத்துக்குக் காட்டிய அக்கறையை ஊழியரின் நேரத்துக்கும் காட்ட வேண்டும். ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஆள். கதவு திறப்பதும் அவர், பேப்பர் அடுக்குவதும் அவர், கணினிப் பதிவும் அவர். அவரை இணையத்தில் படித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மாத இறுதியில் எத்தனை பதிவு ஏற்றினாய் என்று மட்டும் கேட்டால், ஔவையார் இரண்டு பேராகத்தான் இருப்பார். வாரத்தில் இரண்டு மணி நேரம் மேசையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும், தப்பு செய்தாலும் யாருக்கும் நட்டமில்லாத ஒரு சோதனைக் கோஹா இருக்க வேண்டும். மாவட்டத்துக்குள் உள்ள நூலகர்கள் தாங்கள் கண்ட பிழைகளையும் அவற்றைத் திருத்திய வழிகளையும் ஒருவருக்கொருவர் காட்ட மாதம் ஒரு நாள் கூட வேண்டும். கூட்டத்தை அவர்களில் ஒருவரே நடத்த வேண்டும். இவை எதற்கும் புதிய மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தேடிய புத்தகம் கணினியில் இல்லை என்று வந்தால் அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். அலமாரியில் ஒருமுறை பாருங்கள். புத்தகம் அங்கே இருந்தால், எந்த எழுத்தில் தேடினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுத்துப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள்.